வாய் ஒருத்தி, குரல் ஒருத்தி

சிங்கராயர் தோள்துண்டை உதறிய உதறலிலேயே ஆரோக்கியசெல்விக்குக் கை நின்றுவிட்டது. களியில் புதைந்த விரலை எடுக்காமல், தலையை நிமிர்த்தாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"சாமியாருக்கு மூளை கொழம்பிப்போச்சி," என்றார் அவர். "வர்ற ஞாயித்துக்கெழமை மிக்கேல் சம்மனசு திருவிழாப் பூசையில வாசகம் படிக்கப்போறது யாருன்னு தெரியுமா லூர்து? சேரி பாக்கியராஜ் மவ."

லூர்தம்மாள் கரண்டியோடு சமையற்கட்டிலிருந்து வந்தாள். "எந்தப் பாக்கியராஜு? எழவு சொல்லப் போறவனா?"

"அது அவன் அண்ணங்காரன். இவன் பெங்களூர்ல பேக்டரி கட்டுற எடத்துல மண்ணு செமக்கிறான். மண்ணு செமக்கிறவன் மவ மைக்குல வேதம் சொல்லுமாம், நாம கைகட்டி உக்காந்து கேக்கணுமாம். லத்தீன்ல பூசை நடந்த வரைக்கும் இந்தத் தொல்லை உண்டா? ஒருத்தனுக்கும் புரியாது. ஒருத்தன் வாயும் தேவையில்ல."

லூர்தம்மாள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. இருவருமாகத் திரும்பி, சுவரோரம் உட்கார்ந்திருந்த ஆரோக்கியசெல்வியைப் பார்த்தார்கள். பின்கட்டு அறையில் வாடகைக்கு இருக்கும் டீச்சருக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் இந்த வீட்டில் சாப்பாடு.

"நீங்கதான் அந்தப் பொண்ணப் பொறுக்கிக் குடுத்தீங்களாம், டீச்சர்?"

"நான் பொறுக்கலைங்க. சாமியார் பக்கத்து ரூம்ல உக்காந்து பிள்ளைங்க குரலை மட்டும் கேட்டாரு. முகம் பாக்கல. இந்தக் குரல்தான்னு அவரே சொன்னாரு."

கடைசி வார்த்தையைக் கீழே இறக்கி நிறுத்தினாள். அப்படி நிறுத்தினால் எதிராளி மேற்கொண்டு கேட்கத் தயங்குவார். சிங்கராயரும் தயங்கினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"அப்ப நீங்களே போய்ச் சொல்லிடுங்க. கேட்டதுல கோளாறு, நல்லா வாசிக்கிறது எங்க மவ பிலோமினாதான்னு. நீங்க நம்ம பொண்ணு. நீங்க சொன்னா அவரு கேப்பாரு."

நம்ம பொண்ணு. களியை விரலால் தட்டோரத்துக்கு ஒதுக்கினாள்.

அவள் அவர்களுடைய பெண் இல்லை. வாணியம்பாடிப் பக்கத்துச் சேரி ஒன்றில் பிறந்தவள். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று நின்று கால் வெந்தவர். அம்மா முதலாளி வீட்டுப் பின்வாசலில் நின்றுகொண்டு, "மாட்டுக் கொட்டாய் கூட்ட வந்திருக்கேம்மா..." என்று கடைசி எழுத்தை மேலே ஏற்றி இழுத்துக் கூப்பிடுபவள். அந்தத் தெருவே அப்படித்தான் பேசியது. சொல்லுவதெல்லாம் கேட்பது போல. கேட்பதெல்லாம் கெஞ்சுவது போல. தலைமுறை தலைமுறையாக உத்தரவு கேட்டுக் கேட்டு வளர்ந்த வால் அது.

மதராசில் கல்லூரியில் ஓர் அயர்லாந்து சிஸ்டர் கிராமபோன் தட்டைச் சுழலவிட்டு, எந்த வார்த்தையை அழுத்துவது, வாக்கியத்தை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். மற்றப் பெண்கள் அதை மார்க்குக்காகப் படித்தார்கள். ஆரோக்கியசெல்வி அதைத் தமிழுக்கும் சேர்த்துப் படித்துக்கொண்டாள். விடுதிக் கிணற்றடியில் தனியாக நின்று, தன் பெயரைத் தானே சொல்லிச் சொல்லி அந்த வாலை வெட்டினாள்.

ராயக்கோட்டை ரோட்டில் இருக்கும் இந்தச் சம்மனசுபுரத்துப் பள்ளிக்கு அவள் வேலைக்கு வந்தபோது யாரும் சாதி கேட்கவில்லை. பி.ஏ., பி.டி. படித்த பெண், வாயைத் திறந்தால் வார்த்தை நிமிர்ந்து வருகிறது, பிறகு கேட்க என்ன இருக்கிறது? மேலத்தெரு அவளைத் தன் பெண்ணாகவே எடுத்துக்கொண்டது. அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தலைவைக்க ஓர் அறை கிடைத்திருக்காது. விஷயம் தெரிந்தவர் அவளை வேலைக்கு அழைத்துவந்த பங்குச் சாமியார் இன்னாசிமுத்து ஒருவர்தான். இந்த ஒரு வருஷமாக அவள் ஒருக்களித்து, காதைக் கதவுப்பக்கம் வைத்துத்தான் தூங்குகிறாள்.

மிக்கேல் சம்மனசு என்ற வானதூதர் பேரில் எழுந்த சம்மனசுபுரத்துக் கோயில் சிலுவை வடிவத்தில் கட்டியது. நடுக்கூடமும் வலது கையும் மேலத்தெருவுக்கு. இடது கை சேரிக்கு. ஞாயிறுதோறும் அவள் லூர்தம்மாளுக்குப் பக்கத்தில், நடுக்கூடத்தில் முக்காடிட்டு உட்காருவாள். இடது பக்கம் திரும்பிப் பார்த்ததே இல்லை. கழுத்து வலித்தாலும் திரும்பமாட்டாள்.

ஆனால் வகுப்பில் திரும்பாமல் இருக்க முடியுமா?

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்தை வாய்ப்பாடு மாதிரி ஒரே ராகத்தில் ஒப்பித்தார்கள். வீட்டில் கன்னடம் பேசுகிறவன், தெலுங்கு பேசுகிறவன், தமிழ் பேசுகிறவன் எல்லோருக்கும் ஆங்கிலம் மட்டும் அதே ஒப்பாரி. ஒருநாள் அவள் ஸ்கேலை எடுத்து மேசையில் தட்டினாள்.

"தமிழ்லயே பாருங்க. 'நான் உன் பேனாவ எடுக்கல.' இப்ப 'நான்'ல அழுத்தறேன். *நான்* உன் பேனாவ எடுக்கல. என்ன புரியுது?"

"வேற எவனோ எடுத்துட்டான் டீச்சர்," என்றான் கங்கப்பன். கன்னடக்காரக் குடியானவர் வீட்டுப் பையன், வகுப்புக்கே கோமாளி.

"நான் *உன்* பேனாவ எடுக்கல."

"அய்யோ, அப்ப என்னுதா?" என்று அவன் சட்டைப்பையைத் தடவினான். வகுப்பு சிரித்தது.

"நான் உன் பேனாவ *எடுக்கல*."

"பாத்தாங்க, தொட்டாங்க, எடுக்கத்தான் இல்ல. அஷ்டே டீச்சர், அவ்ளோதான்!"

அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. அழுத்தும் இடத்தில் ஸ்கேல் தட்டும். இறக்க வேண்டிய இடத்தில் டீச்சரின் கை கீழே இறங்கும். எல்லோருக்கும் வந்தது. சேரியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மட்டும் இறக்கம் வரவே இல்லை. பாக்கியராஜ் மகள் மேரிராணியை எழுப்பி, "மை நேம் இஸ் மேரிராணி" சொல்லச் சொன்னால், கடைசியில் குரல் மேலே போய் நின்றது, அப்படி ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்கிற மாதிரி.

"உன் பேரு உனக்கே சந்தேகமா?" என்றாள் ஆரோக்கியசெல்வி. வகுப்பு கொல்லென்று சிரித்தது. சொன்ன மறுகணமே அவள் உடம்பு கூசியது. எந்தப் பின்வாசலிலிருந்து அந்தக் குரல் வருகிறது என்று அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அதன் பிறகு மேரிராணியை அவள் விடவில்லை. பாதத்தைத் தரையில் ஊன்றி நிற்கச் சொன்னாள். மூச்சை அடிவயிற்றில் பிடிக்கச் சொன்னாள். "ஊன்றி நில்லு. யாரும் உன்ன வெரட்டல. கடைசி வார்த்தையத் தரையில வை." ஒருநாள் மேரிராணி குரல் இறங்கியது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. சற்றுக் கட்டையான, ஈரமான குரல். அவசரமில்லாத குரல்.

"வூட்ல இப்படிப் பேசுனா எங்கம்மா அடிக்குது டீச்சர்," என்றாள் அவள் பிறகு. "'மேலத்தெருவுல இந்த மாதிரி வாயத் தொறந்துடாதடி, கொன்னு போட்டுருவாங்க'ங்குது."

அந்தக் குரலைத்தான் சாமியார் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டு, "இதுதான், இதுதான்" என்று எழுந்து ஓடிவந்தார். முகத்தைப் பார்த்ததும் வந்த வேகம் அடங்கி நின்றார்.

சிங்கராயர் சொன்னபடி மறுநாள் சாயங்காலம் அவள் சாமியார் பங்களாவுக்குப் போனாள். பிலோமினாதான் நல்லா வாசிப்பாள் என்று சொல்லப் போனாளா, மேரிராணியை மாற்றாதீர்கள் என்று சொல்லப் போனாளா என்று அவளுக்கே தெளிவில்லை. இரண்டுக்கும் வேலையில்லாமல் சாமியார் ஏற்கெனவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"தோத்திரம் சாமி."

"தோத்திரம், தோத்திரம். உக்காரும்மா ஆரோக்கியம். நேத்து சிங்கராயர் வந்து கத்திட்டுப் போனாரு. நானும் ராத்திரி பூரா ஜெபம் பண்ணேன்." அவர் குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "பீடத்துக்குப் பின்னால உடுப்பு மாத்துற அறை இருக்கில்ல? மைக்க அங்க வச்சிடலாம். மேரிராணி உள்ள நின்னு வாசிக்கட்டும். வெளிய, கிராதிக்கிட்ட, புஸ்தகத்த வச்சிக்கிட்டு பிலோமினா நிக்கட்டும். சும்மா வாய அசைச்சா போதும். குரலும் நல்ல குரலா இருக்கும், மேலத்தெருவுக்கும் மனசு நோகாது."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

"சிங்கராயர் ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துக்கிட்டாராவா! ரொம்ப சந்தோஷம் அவருக்கு. பெங்களூர்ல இருந்து சொந்தக்காரங்க வர்றாங்களாம்."

"அது... சரியா இருக்குமா சாமீ...?"

சொல்லி முடித்ததும் திடுக்கிட்டாள். வெட்டியெறிந்த வால் மறுபடி முளைத்திருந்தது. தன் வாயிலிருந்து அம்மாவின் குரல் வருவதைக் கேட்டாள். சாமியாரும் கேட்டிருக்க வேண்டும். அவர் அவளை நிமிர்ந்து பார்த்து, இரக்கமாகச் சிரித்தார்.

"பக்கத்துப் பங்குல என்ன நடந்துச்சின்னு தெரியுமில்ல? ஒரு பொணத்த எந்தப் பக்கமா எடுத்துட்டுப் போறதுங்கிற சண்டையில கோயிலயே பூட்டிப்புட்டாங்க. எனக்குக் கோயில் தொறந்திருக்கணும்மா. ஒன் விஷயத்தையே எடுத்துக்க. எனக்குத் தெரியும், வெளிய தெரியாது. அதனாலதான நீ நிம்மதியா இருக்க? சிலது உள்ள இருந்தா எல்லாருக்கும் நல்லது."

மிரட்டுகிறாரா, ஆறுதல் சொல்கிறாரா? அவருக்கே தெரிந்திருக்காது. நல்லவர்தான். நல்லவர்கள் பயந்தால் யாரை எங்கே ஒளித்துவைப்பது என்றுதான் யோசிக்கிறார்கள். ஆரோக்கியசெல்வி தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் கோயிலில் ஒத்திகை. பிலோமினா கிராதிக்கு வெளியே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேரிராணி உள்ளறையில், மெழுகு வாசனைக்கும் அலமாரிக்கும் நடுவில். இரண்டுக்கும் இடைப்பட்ட கதவில் நின்றுகொண்டு, ஆரோக்கியசெல்வி ஒரு கையால் குரலையும் மறு கையால் உதட்டையும் ஓட்டினாள். இதற்கா பி.டி. படித்தோம் என்று அவளுக்கு வந்த ஆத்திரம், வந்த வழியே பயமாகத் திரும்பிப் போனது.

பிலோமினா பாவம். அப்பா அதட்டி அதட்டி, அவள் குரல் கொசு ரீங்காரம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. உதடுகூடச் சரியாகத் திறக்கவில்லை.

"இன்னும் தெறக்கணும் பிலோமி. 'ஆ'வுக்கு வாய் தெறக்கணும்."

"வெக்கமா இருக்கு டீச்சர்."

"மேரிராணி, நீ அவளுக்காகக் கொஞ்சம் மெதுவா வாசி."

அன்று ஒத்திகை முடிந்து பிலோமினா போன பிறகு மேரிராணி உள்ளறை வாசலிலேயே நின்றாள்.

"நான் எதுக்கு டீச்சர் உள்ள நிக்கணும்?"

"மைக் அங்க வச்சாதான் சத்தம் நல்லா எடுக்கும்."

அழுத்தி, இறக்கி, தரையில் வைத்தாள். மேரிராணி அவளையே பார்த்தாள்.

"நெஜம் சொல்றப்ப உங்களுக்கு இவ்ளோ கீழ எறங்காது டீச்சர். பொய் சொல்றப்பதான் இப்படி அடியில கொண்டுபோய் வைக்கிறீங்க."

குரலைக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவள் ஆரோக்கியசெல்விதான். பிள்ளை கேட்டுவிட்டது.

"அப்பறம்..." மேரிராணி குரலைத் தாழ்த்தினாள். "போன மாசம் பிலோமினா மார்க்குக்காக சிங்கராயரு பள்ளிக்கூடத்துக்கு வந்து உங்கள அதட்டினப்ப, நீங்க எங்கம்மா மாதிரியே இழுத்தீங்க. அவரு கவனிக்கல. நாங்க நாலஞ்சு பேரு கேட்டோம். யாருகிட்டயும் சொல்லல டீச்சர். சொல்லவும் மாட்டோம்."

ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாமா என்று ஆரோக்கியசெல்வி ஒரு கணம் நினைத்தாள். அந்தப் பெண்ணோ எதையும் கேட்கவில்லை. பதிலுக்கு ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாசல் வழியே இறங்கிப் போனாள்.

திருவிழா அன்று ஓசூரிலிருந்து மைக் செட்டோடு வந்த முனிவேல் விடிகாலையிலேயே புளியமரத்தில் இரண்டு ஒலிபெருக்கிகளைக் கட்டிவிட்டான். மைக்கை உள்ளறையில் வைக்கச் சொன்னதும் தலையைச் சொறிந்தான்.

"படிக்கிற பொண்ணு வெளிய நிக்குது, மைக் உள்ள இருக்கு. கெணறு ஒரு பக்கம், தண்ணி எறைக்கிற கவல ஒரு பக்கமாங்க சாமி?"

"சொன்னதச் செய்யப்பா," என்றார் சாமியார்.

கோயில் நிறைந்திருந்தது. பெங்களூர்ச் சொந்தக்காரர்கள் நைலக்ஸ் புடவையும் பவுடருமாக முன்வரிசையில். சிங்கராயர் சில்க் ஜிப்பாவில். இடது கையில் சேரி சனம் நெருக்கியடித்துக்கொண்டு தரையில். பாக்கியராஜ் கூடப் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். மகள் வாசிக்கப் போகிறாள் என்று யாரோ பஸ்ஸில் சொல்லியிருக்கிறார்கள். எப்படி வாசிக்கப் போகிறாள் என்று யாரும் சொல்லவில்லை. புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையாமல், தூண் ஓரம் எழும்பி எழும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளறையில் ஆரோக்கியசெல்வி மேரிராணியின் பக்கத்தில் நின்றாள். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அந்த இடுக்கில் பிலோமினாவின் முதுகும், அதற்கு அப்பால் இடது கையின் ஒரு துண்டும் தெரிந்தன.

மேரிராணி தொடங்கினாள்.

குரல் ஒலிபெருக்கி வழியாக வெளியே போய், புளியமரத்திலிருந்து திரும்பி வந்தது. கோயிலில் இருமல் நின்றது. அழுத்த வேண்டிய வார்த்தைகளை அழுத்தி, விட வேண்டிய இடத்தில் விட்டு, கடைசி வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்து அவள் வாசித்துக்கொண்டே போனாள். முன்வரிசையில் யாரோ, "சிங்கராயர் பொண்ணா இது! என்ன குரல்!" என்றது உள்ளே வரை கேட்டது. பிலோமினாவின் தோள்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

இடது கையில் சலசலப்பு. முதல் வார்த்தையிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, யார் குரல் என்று. பாக்கியராஜ் மட்டும் விழித்தான். மகளின் குரல் கேட்கிறது. மகளைக் காணோம். அவன் பிலோமினாவின் வாயைப் பார்த்தான். மேலே கூரையைப் பார்த்தான். மறுபடி அந்த வாயைப் பார்த்தான். பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் தொலைத்தவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

இடுக்கின் வழியாக மேரிராணி அதைப் பார்த்தாள்.

ஒரு வாக்கியத்தின் நடுவில் வாயை மூடிக்கொண்டாள்.

ஒலிபெருக்கி உஸ்ஸென்று இரைந்தது. வெளியே பிலோமினாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பாவம், அவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. நன்றாகத் திறந்து அசைக்கச் சொல்லித்தானே பழக்கியிருந்தார்கள். கோயில் முழுக்க, சத்தமே இல்லாமல் ஒரு பெண் வாயை மென்றுகொண்டு நின்றாள்.

மேரிராணி ஆரோக்கியசெல்வியைப் பார்த்தாள். ஒரு விரல் போதும். விட்ட வரியில் விரலை வைத்தால் அவள் தொடர்ந்திருப்பாள். ஆரோக்கியசெல்வியின் கை குளிர்ந்து விறைத்துப் போயிருந்தது. அந்தக் கையை அவள் நீட்டவில்லை. நீட்ட முடியாமலா, நீட்ட மாட்டேன் என்றா? இரண்டும்தான்.

சேரிப் பக்கத்தில் ஒரு குழந்தை சிரித்தது. நடுக்கூடத்தில் ஒரு கிழவர், "உள்ள யாருடா படிக்கிறது?" என்று உரக்கக் கேட்டார். பிலோமினா புத்தகத்தைப் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம்தான் மேரிராணி மூச்சை இழுத்து, விட்ட இடத்திலிருந்து எடுத்து, கடைசி வரை வாசித்து முடித்தாள். ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை.

தேர் கிளம்பவில்லை. பூசை முடிந்ததும் மேலத்தெரு ஆண்கள் சாமியார் பங்களாத் தாழ்வாரத்தில் கூடிவிட்டார்கள். லூர்தம்மாளும் பிலோமினாவும் ஓரமாக நின்றார்கள். கீழே முற்றத்து வெயிலில், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பாக்கியராஜ்; பக்கத்தில் மேரிராணி. சாமியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்; சிங்கராயர் நின்றார். ஆனால் சிங்கராயர்தான் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது போலிருந்தது.

"இன்னைக்கே டி.சி. எழுதி அந்தப் பொண்ண அனுப்பிடுங்க. இல்லன்னா நாளைக்குக் கோயில் சாவி எங்க கையில. அவ்ளோதான்."

"சின்னப் பொண்ணுங்க சாமீ... பயத்துல நின்னுபோச்சிங்க..." என்றான் பாக்கியராஜ்.

"பயத்துல நிக்கலப்பா," என்றாள் மேரிராணி.

குரல் இறங்கி நின்றது. தாழ்வாரமே கொதித்தது. "பாத்தியா திமிர!" "யாரு குடுத்த தைரியம்?" "நாக்க இழுத்து வச்சி அறுக்கணும்!" என்று ஆளுக்கொன்று கத்தினார்கள். பாக்கியராஜ் மகளின் வாயைக் கையால் பொத்தினான்.

சாமியார் ஆரோக்கியசெல்வி பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. உள்ள நீதான இருந்த. அது உன் பேச்சக் கேக்காமதான நிறுத்துச்சி?"

"டீச்சர் மேல தப்பில்ல," என்றார் சிங்கராயர், குரலைச் சட்டென்று இதமாக்கிக்கொண்டு. "அவங்க நம்ம பொண்ணு. இந்தக் கழுத அவங்களயும் ஏமாத்திருச்சி. 'ஆமா'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சர், முடிஞ்சிபோயிடும்."

ஒரு வார்த்தைதான். ஆமா. சொன்னால் அறை இருக்கும், வேலை இருக்கும், ஞாயிற்றுக்கிழமைக் களி இருக்கும். முற்றத்தில் நிற்கிற பெண் நாளைக்கு அம்மாவோடு யார் வீட்டு மாட்டுக் கொட்டகைக்கோ போவாள். ஒரு மாதத்தில் அவள் குரல் மறுபடி மேலே ஏறிவிடும். ஆரோக்கியசெல்வி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ நிறுத்தினப்ப, படின்னு நான் சொல்லல. சொல்லியிருந்தா படிச்சிருப்பா. தப்புன்னா என்னுது." மூச்சை இழுத்தாள். "இன்னொண்ணு. நானும் சேரியில பொறந்தவதான்."

சிங்கராயர் சிரித்தார். மனம்விட்டுச் சிரித்தார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

"நல்லா சொன்னீங்க போங்க! அந்தப் பொண்ணக் காப்பாத்தணும்னு இப்படியெல்லாமா சொல்றது? சேரிப் பொண்ணு இந்த மாதிரி நிமிந்து, நறுக்குனு பேசுமா? எத்தன சேரிக்காரனப் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? என்ன சாமி?"

சாமியாருக்குத் தெரியும். அவர் குனிந்து அங்கியின் பித்தானைத் திருகினார்.

"டீச்சருக்கு எளகின மனசு," என்றார்.

லூர்தம்மாளும் சிரித்தாள். "பயந்தே போயிட்டேன் கண்ணு. வெளையாட்டுக்குக் கூட அப்படிச் சொல்லலாமா?"

பயத்தில் இப்படி ஒரு பயம் உண்டென்று ஆரோக்கியசெல்விக்கு அன்றுதான் தெரிந்தது. உண்மையைச் சொல்லிய பிறகும் தப்பித்துக்கொள்ளலாம். கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. சும்மா நின்றால் போதும். அவர்களே அவளைத் தூக்கி உள்ளே வைத்துக்கொள்வார்கள். அவள் கற்ற கல்வியெல்லாம், வெட்டிய வெட்டெல்லாம், அவர்களுடைய வீட்டுச் சொத்தாகிவிட்டிருந்தது. இவ்வளவு நிமிர்ந்த பேச்சு எங்களுடையதாகத்தான் இருக்க முடியும் என்று அவள் வாய்க்கே பட்டா போட்டிருந்தார்கள்.

கண்ணை மூடிக்கொண்டாள். சுண்ணாம்பும் தோலும் நாறும் ஒரு பின்வாசல் தெரிந்தது.

"நானும் சேரியில பொறந்தவதான்..."

அதே வார்த்தைகள். ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. அம்மா இழுக்கிற மாதிரி இழுத்தாள். கடைசி எழுத்து ஏறி, உத்தரவு கேட்டு, பதில் வராமல் அந்தரத்தில் தொங்கியது. முற்றத்தில் பாக்கியராஜ் சட்டென்று தலை நிமிர்ந்தான், கூடப் பிறந்தவள் கூப்பிட்டதைக் கேட்டவன் போல.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. யாரும் சாட்சி கேட்கவில்லை. சிங்கராயர் ஓரடி பின்னால் நகர்ந்தார். லூர்தம்மாள் புடவைத் தலைப்பை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ... என் சமையக்கட்டுல..." என்றாள். சாமியார் பித்தானை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நிமிர்ந்து சொன்னால் நம்ப மறுத்த உண்மையைக் கெஞ்சிச் சொன்னதும் நம்பிவிட்டார்கள்.

ஆரோக்கியசெல்வி தூணை விட்டாள். தன் சொந்தக் குரலில் பேசினாள்.

"டி.சி. குடுக்கறதா இருந்தா காரணம் எழுதணும் சாமி. பள்ளிக்கூடத்துக்கு அரசாங்க மானியம் வருது. என்ன காரணம் எழுதினீங்கன்னு கிருஷ்ணகிரியில ஸ்கூல் இன்ஸ்பெக்டர்கிட்ட நான் போய்க் கேப்பேன். என்னோட சாதியும் சேத்தே சொல்லுவேன்."

குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கண்ணைத் திறந்த சாமியார், "பொண்ணு படிக்கட்டும்," என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். "கோயில்ல இனிமே பிள்ளைங்களுக்கு ஜெபம் சொல்லிக்குடுக்கிற உபதேசியாரே வாசிப்பாரு." இரு தரப்புக்கும் ஒரு சமாதானம் கண்டுவிட்டவர் போல நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

சிங்கராயர் அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "பொழுது சாயறதுக்குள்ள ரூமக் காலி பண்ணு."

ஒரு வருஷமாக இருந்த 'ங்க' போயிருந்தது.

பின்கட்டு அறையில் தகரப் பெட்டிக்குள் புடவைகளைத் திணித்தாள். எங்கே போவது என்று தெரியாது. ஓசூருக்குக் கடைசி பஸ் கிடைத்தால் ஓசூர். நாளைக்குக் காலையில் பள்ளிக்கூட வாசலில் யார் நிற்பார்கள், என்ன செய்வார்கள், அதுவும் தெரியாது. கொல்லையில் லூர்தம்மாள் அவள் சாப்பிட்ட தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்க்கிற சத்தம் கேட்டது. தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

வாசலில் நிழலாடியது. பிலோமினா. அழுது வீங்கிய முகம்.

"..."

"என்ன பிலோமி? காதுல விழல."

பிலோமினா கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பயந்துபோயிருந்தாள். ஆரோக்கியசெல்வியை விட அதிகமாகப் பயந்துபோயிருந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு, பாதங்களைச் சேர்த்து வைத்துத் தரையில் ஊன்றினாள். வாயைத் திறந்தாள்.

"டீச்சர், நாளைக்கு க்ளாஸ் இருக்கா?"

வீடு முழுக்கக் கேட்டது. கொல்லையில் தட்டுத் தேய்க்கும் சத்தம் நின்றது.

"இருக்கு," என்றாள் ஆரோக்கியசெல்வி.